மன்னி வாங்கிய டியூனர்

மன்னியோடு கடைக்குப் போவதென்றால் அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. லால்பஜார் பக்கம் இசைக்கருவி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு கடையின் முதலாளி மன்னியைப் பார்த்ததும் முதலில் முகம் மலர்வார். அரை மணி போனதும் ஸ்டூல் ஒன்றைத் துடைத்துப் போட்டு, "நீங்க நிதானமா கேளுங்க திதி" என்று வங்காளத்தில் அக்கா முறை வைத்துச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கவனிக்கப் போய்விடுவார்.

மன்னி வாசித்தது பேஸ் கிதார். நாலு தடித்த தந்திகள், அடிவயிற்றிலிருந்து எழும்புகிற மாதிரி ஒலி. அந்த ஒலியை மாற்றுவதற்கென்று காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டிகள் உண்டு. பெடல் என்போம். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும், ஒன்று அலையடிக்க வைக்கும், ஒன்று ஒரு ஸ்தாயி கீழே இறக்கும். வாங்க வருகிறவர்கள் கடையில் மாட்டியிருக்கும் கிதாரில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். மன்னி தன் பேஸையும் தன் வயரையும் தோளில் சுமந்துகொண்டு போவாள். பெடலைப் போட்டாலும் போடாவிட்டாலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி குமிழ்களைத் திருகி வைப்பாள். அதற்கே கால் மணி ஆகும்.

"சத்தத்தை ஏத்தினா எதுவுமே நன்னாத்தான் இருக்கும் சுந்தர். கடையில ஏத்தி வெச்சுத்தான் காட்டுவா. சமமா வெச்சுட்டு அப்பறம் சொல்லு, எது நன்னாருக்குன்னு."

பிறகு என்னிடம் பேஸைக் கொடுத்து ஒரே தந்தியைச் சீராகத் தட்டச் சொல்லிவிட்டு வெளியே போவாள். மினிபஸ்ஸும் கைவண்டியும் ஹாரனும் மோதுகிற அந்த நடைபாதையில் தலையைச் சாய்த்து நிற்பாள். திரும்பி வந்ததும் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். "வேண்டாம்."

"தெருவுல நின்னு கேட்டா என்ன தெரியும் திதி?" என்று முதலாளி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"மேடையில நான் மட்டும் தனியாவா இருக்கப் போறேன்? அத்தனை சத்தத்துக்கு நடுவுல இது கேக்கறதா இல்லையான்னு தெரியணுமே" என்று மன்னி அவருக்கு வங்காளத்திலேயே சொன்னாள்.

கேட்கிறதா, இல்லையா. மன்னியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கேள்விதான். அண்ணாவுக்கு வங்கியில் மாற்றல் வந்து அவர்கள் நாக்பூர் போய் ஆறு வருஷமாகிறது. இருந்தாலும் யாராவது ஒரு பொருளைப் பார்த்து ஆஹா என்றால், 'உனக்கு நிஜமாவே கேக்கறதா, இல்ல எல்லாரும் சொல்றாளேன்னு சொல்றியா?' என்று அவள் குரல் பக்கத்திலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும்.

மன்னி துர்காபூரில் வளர்ந்தவள். அப்பா இரும்பாலையில் வேலை பார்த்தார். தமிழ், வங்காளம், இந்தி மூன்றும் ஒரே வேகத்தில் வரும். கல்யாணமாகி லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தபோது, இரண்டு பெட்டிகளோடு ஆளுயரக் கறுப்புப் பை ஒன்றும் டாக்ஸியிலிருந்து இறங்கியது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "வீணையா?" என்று கேட்டாள்.

"பேஸ் கிதார்மா."

"இதுல பாட்டு வருமா?"

"பாட்டு வராது. பாடறவா விழாம பாத்துக்கும்."

அம்மாவுக்கு அது விளங்கியதா என்று தெரியாது. ஆனால் பதிலின் தெளிவு பிடித்துவிட்டது போலிருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பை கூடத்தில் அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றது.

மன்னியின் வேலையும் கேட்பது சம்பந்தப்பட்டதுதான். ஒரு தனியார் மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட். நோயாளியைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் கையைத் தூக்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றிச் சொல்வாள், பெயர் சொல்லாமல்.

"இன்னிக்கு ஒருத்தர், ரிட்டயர் ஆன பெரிய ஆபீசர். நான் ஒண்ணுமே அனுப்பலை, கையைத் தூக்கறார். என் மூஞ்சியையே பாத்துண்டு இருக்கார், எப்ப தூக்கணும்னு."

"ஏன் அப்படிப் பண்றா?" என்றாள் அம்மா.

"வெக்கம். காது கேக்கலைன்னா கௌரவம் போயிடும்னு நினைச்சுக்கறா. கேக்காததைக்கூட நான் கொஞ்சம் சரி பண்ணிடுவேன்மா. கேக்கற மாதிரி நடிக்கறாளே, அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

நான் சாம்பார் ஊற்றிக்கொண்டேன்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். பகலில் செக்டார் ஃபைவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை, சனி ஞாயிறு ஜாதவ்பூரில் தீபாயன் வீட்டுக் கீழ் அறையில் ஒத்திகை. தீபாயன் பாட்டு எழுதுவான், பாடுவான், கிதார் வாசிப்பான். எங்கள் பேஸ்காரன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது வேறு ஆள் கிடைக்காமல் திண்டாடினோம். நான் தயங்கித் தயங்கி மன்னியைப் பற்றிச் சொன்னேன். "பௌதியா?" என்று தீபாயன் சிரித்தான். பௌதி என்றால் வங்காளத்தில் மன்னி. ஒருமுறை வரட்டும், மரியாதைக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

மன்னி வந்தாள். மூன்று பாட்டை வாசிக்காமல் கேட்டாள். நாலாவது பாட்டில் சேர்ந்துகொண்டாள். அதிகம் ஒன்றும் வாசிக்கவில்லை. ஆனால் பாட்டு பாதியில் தீபாயன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அதுவரை அந்தப் பாட்டு எங்களுக்குப் பிடி கொடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் தரையில் கால் வைத்து நின்றது.

தீபாயனிடம் பதினோரு பெடல்கள் இருந்தன. விமானி மாதிரி அவற்றுக்கு நடுவில் நிற்பான். "பௌதி, உங்களுக்கும் வேணும். இந்தக் காலத்து ஒலிக்குக் கரகரப்புக்கு ஒண்ணு, அலைக்கு ஒண்ணு, ஸ்தாயி இறக்க ஒண்ணு" என்று பட்டியல் போட்டான்.

"கேட்டுட்டு வாங்கறேன்" என்றாள் மன்னி.

அடுத்த சனிக்கிழமை நண்பர்களிடம் ஆறு பெடல்களை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஒவ்வொருத்தரா சுவரைப் பாத்து உக்காருங்கோ. நான் வாசிச்சுண்டே இருப்பேன். ஒலி மாறினது தெரிஞ்சா கையைத் தூக்குங்கோ. தெரியாத பெடலைத் தூக்கிண்டு அலைய நான் தயாரா இல்லை."

முதலில் தீபாயன். அவன் கேட்டுக்கொண்டதால் அவனுடைய பெடல்கள் நாலையும் சேர்த்துக்கொண்டாள். அவன் கையைத் தூக்கிய தடவைகளில் மூன்று முறை மன்னி வெறும் தரையைத்தான் மிதித்திருந்தாள். அவன் உயிராக நினைத்த நீலப் பெடலைப் போட்டபோது அவன் கை மடியிலேயே கிடந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தீபாயன் எழுந்து, "இன்னிக்கு ஜலதோஷம்" என்றான்.

அப்புறம் என் முறை. சுவர் ஓரமாக ஒரு புத்தக அலமாரி, அதற்குக் கண்ணாடிக் கதவு. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் மன்னியின் வலது கால் தெரிந்தது. கால் இறங்கினால் நான் கையைத் தூக்கினேன். நாலு முறை சரியாகச் சொன்னேன். தீபாயன்கூட, "அடேங்கப்பா" என்றான்.

வாசிப்பு நின்றது. மன்னி எழுந்து வந்து தன் துப்பட்டாவை எடுத்து அந்தக் கண்ணாடிக் கதவின் மேல் போட்டாள். திரும்பிப் போய் வாசிக்கத் தொடங்கினாள்.

ஸ்தாயி இறங்கியது எனக்குத் தெரிந்தது, முதுகுத்தண்டில் தெரிந்தது. மற்றது எதுவும் தெரியவில்லை. கரகரப்பு இல்லை, அலை இல்லை. காதுக்குள் எப்போதும் ஊதிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய விசில் மட்டும். கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது மன்னி, "போறும், எனக்கு வேண்டியது தெரிஞ்சுடுத்து" என்று வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். "ரெண்டு பேரும் ஒரே லட்சணம்" என்று சிரித்துக்கொண்டே தீபாயனிடம் சொன்னாள். அவன் அதற்குமேல் யோசிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது அவள் எனக்கு இடது பக்கமாக வந்தாள். ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். நான் "ம்" என்றேன். இன்னும் ஏதோ சொன்னாள். "ஆமாம் மன்னி" என்றேன்.

நின்றுவிட்டாள். என் முன்னால் வந்து நின்று, "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

நான் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்." டிரம்ஸில் சிம்பல் என்னும் வெண்கலத் தட்டுகளில் ஒரு ஜோடி இடது காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பதினைந்து வருஷமாக அதை அடித்து வந்திருக்கிறேன். முதலில் விசில் வந்தது. பிறகு குயில், குக்கர், கதவு மணி என்று கீச்சென்ற ஒலிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அலுவலகத்தில் போன் பேசுகிற வேலையிலிருந்து ஏதோ காரணம் சொல்லி மாறிக்கொண்டிருந்தேன். உதடுகளைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகியிருந்தேன்.

"ஆத்துலயே நான் இருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வாசிக்காதேம்பா. காது கேக்காதவனை எவன் பேண்ட்ல வெச்சுப்பான்?"

அவள் திட்டவில்லை. "திங்கக்கிழமை காலம்பற என்னோட வரே" என்று மட்டும் சொன்னாள்.

கண்ணாடி அறையில் என்னை உட்கார வைத்து அவளேதான் சோதித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முயன்றேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முடிவில் ஒரு வரைபடம் வந்தது. கோடு தாழ்ந்த ஒலிகளைக் குறிக்கும் இடப்பக்கத்தில் மேலேயே சமமாகப் போய், உயர்ந்த ஒலிகளைக் குறிக்கும் வலப்பக்கத்தில் மாடிப்படி மாதிரி இறங்கியது. போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். வாசிக்கும்போது கட்டாயம் காதடைப்பான் போட வேண்டும். காலப்போக்கில் காதுக் கருவியும் தேவைப்படலாம்.

மருத்துவமனை வாசலில் மன்னி அந்தத் தாளை விரித்து, கோடு சமமாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இங்க பாரு. கீழ் ஸ்வரமெல்லாம் உனக்கு ஜம்முனு கேக்கறது. பாட்டுல வார்த்தை கேக்கலை, கிதார் பாதி கேக்கலை. உலகத்துலயே உனக்கு நன்னா கேக்கறது நான் வாசிக்கறதுதான். அதை வெச்சுண்டு என்ன பண்ணலாம்னு பாப்போம்."

"ஆத்துலயும் தீபாயன்கிட்டயும் சொல்லிடாதீங்கோ மன்னி."

"நான் சொல்ல மாட்டேன். உன் காது, உன் சேதி. நீதான் சொல்லணும். எப்பங்கறதை நீயே பாத்துக்கோ." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா ரொம்ப நாள் வெச்சுக்காதே, கனக்கும்" என்றாள்.

அதற்கப்புறம்தான் அவள் பெடல் தேடியது. அந்தக் கோடை முழுக்க நாங்கள் லால்பஜாருக்குப் போனோம். முதலாளி ஸ்டூலை இரண்டாக்கினார்.

முதலில் வாங்கியது கம்ப்ரெஸர். மெதுவாகத் தட்டினாலும் வேகமாகத் தட்டினாலும் ஒலியை ஏறக்குறைய ஒரே கனத்தில் தரும். "ஒரு ஸ்வரம் உனக்கு விழுந்து இன்னொண்ணு விழலைன்னா நீ தடுமாறிடுவே. எல்லாம் ஒரே மாதிரி முதுகுல வந்து தட்டணும்." இரண்டாவது கரகரப்புப் பெடல். தீபாயனுக்காக அது வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் சாதாரண கிதாருக்கான பெடல்கள் பேஸின் அடி ஒலியை மெலிய வைத்துவிடும். ஏழெட்டை வேண்டாமென்று தள்ளினாள். கடைசியில், கரகரப்போடு சுத்தமான ஒலியையும் வேண்டிய அளவு கலந்துகொள்ள ஒரு குமிழ் இருந்த பெடலைப் பிடித்தாள். மேலே தீபாயனுக்கு வேண்டிய கரகரப்பு, கீழே எனக்கு வேண்டிய கனம்.

மூன்றாவதுதான் டியூனர். சுருதி சரியாக இருக்கிறதா என்று விளக்கில் காட்டும் பெடல் அது. மிதித்தால் பேஸின் ஒலி அடங்கி விளக்கு எரியும். மறுபடி மிதித்தால் விளக்கு அணைந்து ஒலி வரும். முதலாளி தீப்பெட்டி அளவில், பார்க்க அழகான ஒன்றை எடுத்து வைத்தார். மன்னி அடித்தந்தியைத் தட்டினாள். விளக்கு நிலைகொள்ளாமல் ஆடியது. "இந்தக் கனம் இதுக்குத் தாங்கலை." இன்னொன்றில் விளக்கு ஒரே இடத்தில் நின்றது. அப்போது மன்னி என்னிடம், "நீ எதிர் நடைபாதைக்குப் போ" என்றாள்.

போனேன். அவள் டியூனரை வாசல் படியில் வைத்துவிட்டுக் கையால் சைகை செய்தாள், தெரிகிறதா என்று. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். முதலாளி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாகப் படியில் வைக்க, கடையில் நின்றவர்களெல்லாம் என்னை வேடிக்கை பார்க்க, ஐந்தாவது டியூனரில் எனக்குத் தெரிந்தது. பஸ் ஒன்று கடந்து போன பிறகும் தெளிவாகத் தெரிந்தது. செங்கல் அளவு, மங்கிய ஆரஞ்சு நிறம், பூஜைப் பந்தல் சீரியல் விளக்கு மாதிரி பச்சையும் சிவப்புமாக எரிந்தது. அதை யாரும் வாங்குவதில்லை என்று முதலாளி நேர்மையாகச் சொன்னார்.

"நான் வாங்கறேன்" என்றாள் மன்னி.

தீபாயனின் பாட்டு ஒன்றில் நடுவில் எல்லாம் நின்று கிதார் மட்டும் தனியாக வாசிக்கும். வாசித்துக்கொண்டே மெலிந்து, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆகும். அங்கே டிரம்ஸ் நுழைய வேண்டும். அந்த இடம் எனக்குக் கேட்காது. மனசுக்குள் எண்ணிக்கொண்டு குருட்டாம்போக்கில் நுழைவேன். இரண்டு மேடைகளில் தப்பாகிப்போனது. மன்னி அந்த டியூனரை ஒரு சாய்ந்த மரக்கட்டையின் மேல் வைத்து என் பக்கம் திருப்பினாள். கிதார் தனியாகப் போகும்போது விளக்கு எரியும். நான் நுழைய வேண்டிய நொடியில் அணையும். பேஸின் பெரிய ஸ்பீக்கரை மேடை ஓரத்திலிருந்து எடுத்து என் ஸ்டூலுக்குப் பின்னால், முதுகுக்கு நேராக வைத்தாள். காதடைப்பான் போட்டுக்கொண்டு வாசித்த முதல் நாளே எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியாத அளவு பாட்டு தெரிந்தது. வாசித்துக்கொண்டே கண் கலங்கிவிட்டது. வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்தது? உலகத்தில் எல்லாரும் டியூனரைத் தங்கள் முகத்தைப் பார்க்க வைப்பார்கள். மன்னியுடையது தலைகீழாகத் திரும்பியிருந்தது. சுருதி சேர்க்க வேண்டுமானால் அவள் சுற்றிக்கொண்டு வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"பௌதி, இது டியூனரா, டிராஃபிக் சிக்னலா?" என்று தீபாயன் ஒவ்வொரு ஒத்திகையிலும் கேட்டான். "திருப்பி வைங்களேன், பார்க்கவே அசிங்கமா இருக்கு."

"எனக்கு இப்படித்தான் சௌகரியம்" என்பாள்.

ஒரு மேடையின் வீடியோவை யாரோ இணையத்தில் போட்டார்கள். அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார், பேஸ் வாசிக்கும் பெண்ணுக்கு டியூனரை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடத் தெரியவில்லை என்று. சிரிக்கும் முகங்கள் அதன் கீழே வரிசையாக. அண்ணா அதைப் பார்த்துக் கோபப்பட்டான். "திருப்பித்தான் வையேன், என்ன போச்சு?" என்று அவளிடம் கேட்டான். மன்னி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "வாசிச்சது தப்புன்னு யாராவது எழுதினாளா? இல்லையே" என்றாள். கட்டின கணவனிடம்கூடச் சொல்லவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாசம் இப்படி.

அந்த மார்கழியில் ஜாதவ்பூரில் ஒரு பெரிய திறந்தவெளி மேடை கிடைத்தது. அதுவரை நாங்கள் வாசித்ததிலேயே பெரிய கூட்டம். மாலை நாலு மணிக்கு ஒலியைச் சரிபார்க்கப் போனோம். அங்கே பொறுப்பாக இருந்த சவுண்ட் என்ஜினியர் நாற்பதைத் தாண்டியவர், முடியைப் பின்னால் கட்டியிருந்தார், கோபக்காரர் என்று பெயர். பேஸ் ஸ்பீக்கரை மேடையின் இடது ஓரத்தில் நிறுத்தியிருந்தார்.

"தாதா, இதை டிரம்ஸுக்குப் பின்னால வைக்கணும்" என்றாள் மன்னி. தாதா என்றால் வங்காளத்தில் அண்ணா.

"முடியாது. டிரம்ஸ் மைக்குல பேஸ் போய் விழும். எல்லா பேண்டுக்கும் இங்கதான்."

"எங்களுக்கு அங்க வேணும்."

"ஏன்?"

மன்னி ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தாள்.

"காரணம் இல்லாம நான் எதையும் நகத்த மாட்டேன்."

தீபாயன் வந்தான். ஏற்கெனவே பதற்றத்தில் இருந்தான். "பௌதி, இன்னிக்கு ஒருநாளாவது உங்க பிடிவாதத்தை விடுங்க. ஸ்பீக்கர் அங்க, டியூனர் திரும்பி, எட்டு மாசமா பொறுத்துக்கிட்டேன். எங்க எல்லாரையும் கேலிக்கூத்தாக்காதீங்க." மேடையில் வயர் இழுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

மன்னியின் காது மடல் சிவந்துவிட்டது. பதில் அவளிடம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாரும் வாயை மூடியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. நான் இருந்த திசையில் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் அவர்களும் என்னைப் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் அவள் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்கதான் வேணும் தாதா" என்று இன்னொரு முறை, அதே குரலில் சொன்னாள்.

நான் டிரம்ஸை விட்டு எழுந்து வந்தேன்.

"அது எனக்காக" என்றேன். என் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "எனக்குக் காது சரியாக் கேக்காது. பேஸ் முதுகுல வந்து பட்டாத்தான் வாசிக்க முடியும். அந்த டியூனரும் எனக்காகத்தான். விளக்கைப் பாத்துத்தான் நுழையறேன். பௌதிக்கு ஆரம்பத்துலேருந்து தெரியும். நான்தான் சொல்லாதீங்கன்னேன்."

தீபாயன் என்னையும் அந்த ஆரஞ்சுப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எத்தனை வருஷமா?"

"மூணு வருஷம்."

"அப்ப என் பாட்டை நீ கேட்டதே இல்லையா?"

"மெட்டு கேக்குது. வார்த்தைதான் பாதி கேக்கறதில்லை."

"பரவாயில்லை, வார்த்தை அவ்வளவு நல்லா ஒண்ணும் இல்லை" என்றான். சொல்லும்போதே அவன் முகம் கோணிக்கொண்டது. மன்னி பக்கம் திரும்பி, "பௌதி, நான் எட்டு மாசமா உங்களை" என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பக்கத்தைப் பிடி. கனம்" என்றாள் மன்னி. ஸ்பீக்கரின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே தூக்கியிருந்தாள்.

அவன் பிடித்தான். என்ஜினியர் டிரம்ஸ் மைக்குகளை அவரே ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார்.

அன்று சாயங்காலம் நாங்கள் வாசித்ததைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் தற்பெருமையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கிதார் தனியாகப் போகும் அந்த இடத்தில் மன்னி கூட்டத்தைப் பார்க்கவில்லை. தீபாயனின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேரும் அமைதியாக இருந்தார்களாம், தீபாயன் பிறகு சொன்னான். எனக்கு அந்த விளக்கு மட்டும்தான். அது அணைந்தது, நான் அடித்தேன், அவள் அடித்தந்தி என் முதுகில் வந்து இறங்கியது. மூன்று பேரும் ஒரே நொடியில். கூட்டம் எழுந்தது எனக்குக் கேட்கவில்லை, மேடைப் பலகையில் தெரிந்தது.

இறங்கி வந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். என்ஜினியர் வந்தார். வயர்களை எடுக்க வந்தவர் போல மன்னிக்குப் பக்கத்தில் குனிந்தார். நான் எதிரில் இருந்தேன், அவர் உதடுகள் எனக்கு நன்றாகத் தெரிந்தன.

"திதி, நீங்க ஆஸ்பத்திரியில காது பார்க்கறவங்கன்னு தீபாயன் சொன்னான்."

"ஆமாம்."

"எனக்கு வலது காதுல ரொம்ப நாளா விசில். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை." சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வெளியில தெரிஞ்சா எனக்கு யாரும் மேடை தர மாட்டாங்க."

மன்னி ஆச்சரியப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. வயரில் சுற்றும் கறுப்பு டேப்பைக் கிழித்து அதில் எழுதப் பார்த்து, பேனா பிடிக்காமல் போகவே, பாட்டு வரிசை எழுதியிருந்த தாளின் பின்பக்கத்தில் மருத்துவமனையின் மாடி எண்ணையும் நேரத்தையும் எழுதி அவரிடம் கொடுத்தாள். "சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மன்னி கைப்பையை மேஜை மேல் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். எனக்குத் தெரியும்படி முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்.

"அவர் வந்தார். உன்கிட்ட சொல்லச் சொன்னார். கூட ரெண்டு டிரம்மர்களையும் அழைச்சுண்டு வந்தார்."